டிஸ்க்கா, கேபிளா, கன்ட்ரோலரா? வீட்டுச் சர்வரில் சேமிப்புக் கோளாறைப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுச் சர்வரில் ஒரு டிஸ்க் 'ஃபால்ட்டட்' என்று சிவப்பில் வந்து நின்றால், புதுசு ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பல நேரம் அது வீண் செலவு. டிஸ்க்குக்கும் கெர்னலுக்கும் (ஓஎஸ்-இன் மையப் பகுதி) நடுவில் பவர் கனெக்டர், டேட்டா கேபிள், பேக்ப்ளேன் (டிஸ்க்குகள் செருகி நிற்கும் பலகை), கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை இயக்கும் சிப் அல்லது கார்டு), பிசிஐஇ ஸ்லாட் (கார்டு செருகும் இடம்), டிரைவர் என்று ஒரு வரிசையே இருக்கிறது. இதில் எது கெட்டாலும் பழி டிஸ்க்கின் தலையில்தான் விழும். லாக்கில் தெரிவது அதன் பெயர் மட்டும்தானே!

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகிறது: கோளாறு அந்த வரிசையில் எந்த இடத்தில் இருக்கிறது? அது தெரிகிற வரைக்கும் எதையும் வாங்க வேண்டாம், எந்த 'ரிப்பேர்' கட்டளையையும் ஓட்ட வேண்டாம். டெபியன், புரோக்ஸ்மாக்ஸ், ட்ரூநாஸ், அன்ரெய்ட் போன்ற லினக்ஸ் சர்வர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்குக் கட்டளைகள் மாறும், துப்பறியும் முறை மாறாது.

படி 1: முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

டேட்டா போவது பெரும்பாலும் முதல் கோளாறினால் அல்ல, அதைச் சரிசெய்யப்போய் அவசரத்தில் செய்கிற இரண்டாவது காரியத்தினால்தான். எஃப்எஸ்செக் என்பது கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தி, டிஸ்க்கில் எழுதுகிற ஒரு கருவி. கேபிளோ கன்ட்ரோலரோ தகவலைக் கெடுத்துக்கொண்டிருக்கும்போது அதை ஓட்டினால், தவறாகப் படித்ததை நம்பித் தவறாகத் திருத்தி எழுதிவைக்கும். அதேபோல ரெய்டை (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கிய தொகுப்பு) 'ரீபில்ட்' செய்யவும், அதாவது போன டிஸ்க்கின் டேட்டாவை மற்றவற்றிலிருந்து திரும்பக் கட்டவும், உடனே கிளம்ப வேண்டாம்.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு நேராகப் படி 9-க்குப் போங்கள். சத்தம் இல்லை, டேட்டா இன்னும் படிக்க வருகிறது, ஆனால் பேக்கப் பழசு என்றால், துப்பறிவதற்கு முன்னால் முக்கியமான கோப்புகளை வேறொரு பெட்டிக்கு நகலெடுங்கள். முடிந்தால் ரீட்-ஒன்லியாக (எழுத முடியாமல், படிக்க மட்டும்) மவுண்ட் செய்துகொண்டு.

அப்புறம் லாக். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டை ஒரு யுஎஸ்பி டிரைவுக்கோ வேறு கணினிக்கோ அனுப்பிவையுங்கள். சில அமைப்புகளில் ஜர்னல் (அமைப்பின் லாக் பதிவு) நினைவகத்தில் மட்டும் இருக்கும், அணைத்ததும் போய்விடும். ஓஎஸ் இருக்கும் டிஸ்க்கே தொங்கிவிட்டது என்றால் லாக் எழுதப்பட்டே இருக்காது. அப்போது திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்வதுதான் ஒரே வழி, அதில் கூச்சமே வேண்டாம்.

படி 2: யார் யார் என்று ஒரு அட்டவணை

லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள். ஒவ்வொரு பூட்டிலும் அவை மாறலாம். மாறாதது சீரியல் நம்பர் மட்டுமே. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடல், சீரியல், ஹெச்சிடிஎல் (எந்தக் கன்ட்ரோலர் வழியில் இருக்கிறது என்ற முகவரி) ஆகிய பத்திகளைக் கேட்டு வாங்குங்கள். டேவ் அடைவில் 'டிஸ்க் பை-ஐடி' என்ற உள் அடைவிலும் மாடலும் சீரியலும் சேர்ந்த பெயர்கள் கிடைக்கும்.

சாட்டா என்பது வீட்டு டிஸ்க்குகளின் வழக்கமான இணைப்பு, ஏடிஏ எண் அதற்குக் கெர்னல் வைக்கும் பெயர். லாக்கில் 'ஏடிஏ5' என்று வந்தால் அது மதர்போர்டில் 'சாட்டா 5' என்று அச்சடித்திருக்கும் போர்ட் என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டும் பொருந்த வேண்டிய கட்டாயமே இல்லை. சிஸ் அடைவுக்குள் இருக்கும் 'பிளாக்' அடைவை நீளமான வடிவில் பட்டியலிட்டால், ஒவ்வொரு டிஸ்க்கின் முழுப் பாதையும் தெரியும். அதில் எந்த ஏடிஏ எண், எந்த பிசிஐ முகவரி என்பது இருக்கும்.

இப்போது ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு வரி எழுதுங்கள்: சீரியல், எந்த பே (டிஸ்க் உட்காரும் இடம்), எந்த டேட்டா கேபிள், எந்தக் கன்ட்ரோலரின் எந்த போர்ட், எந்த பவர் வயர். கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பாதி மர்மங்கள் அந்தப் பத்தியில்தான் தீர்கின்றன.

படி 3: லாக்கை வரி வரியாகப் படிப்பது

ஏடிஏ பிழை ஒன்று வரும்போது கெர்னல் ஐந்தாறு வரிகளைக் கொட்டும். முதலில் 'எக்ஸப்ஷன்' என்ற வரி. அப்புறம் 'ஃபெயில்ட் கமாண்ட்: ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்' என்று எந்த வேலை தோற்றது என்பது. அதற்குக் கீழே 'ஸ்டேட்டஸ்', 'எரர்' என்று வளைந்த அடைப்புக்குறிகளுக்குள் இரண்டு மூன்று எழுத்துகள் இருக்கும். மேலே இருக்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஹெக்ஸ் எண்களைப் பார்த்து மிரண்டு, பலரும் இந்தச் சின்ன எழுத்துகளைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

அங்கே யுஎன்சி என்று இருந்தால், டிஸ்க் தன் தட்டிலிருந்து படிக்கப் பார்த்து முடியாமல் கைவிட்டது என்று அர்த்தம். குற்றவாளி டிஸ்க்தான். ஐசிஆர்சி, ஏபிஆர்டி என்று இருந்தால் கதை வேறு: டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே போகும் வழியில் தகவல் சிதைந்திருக்கிறது. கேபிள், கனெக்டர், பேக்ப்ளேன் பக்கம் திரும்புங்கள். 'எஸ்எரர்' வரியில் பேட்சிஆர்சி, ஹேண்ட்ஷேக், 10பி8பி போன்ற சொற்கள் வந்தாலும் இதே முடிவுதான்.

'டைம்அவுட்' என்று மட்டும் வந்து, அப்புறம் 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்று வந்தால் அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. டிஸ்க் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான் தெரியும். பவர் போயிருக்கலாம், டிஸ்க் ஒரு மோசமான செக்டரோடு (பரப்பின் ஒரு சின்னத் துண்டு) போராடிக்கொண்டிருக்கலாம், கன்ட்ரோலரே தூங்கிப்போயிருக்கலாம். ஆனால் அதைத் தொடர்ந்து 'லிமிட்டிங் சாட்டா லிங்க் ஸ்பீட்' என்று 6 ஜிபிபிஎஸ்-லிருந்து 3 அல்லது 1.5-க்கு இறங்கியிருந்தால், இணைப்பு நிலையாக நிற்கவில்லை என்று கெர்னலே முடிவுகட்டியிருக்கிறது.

எல்எஸ்ஐ வகை ஹெச்பிஏ கார்டு (நிறைய டிஸ்க்குகளை இணைக்கும் கன்ட்ரோலர் கார்டு) வைத்திருப்பவர்களுக்கு வரிகள் 'எம்பிடி2சாஸ்' அல்லது 'எம்பிடி3சாஸ்' என்று தொடங்கும். அங்கே 'ஃபால்ட் ஸ்டேட்' என்று வந்து எல்லா டிஸ்க்கும் ஒரே நொடியில் காணாமல் போனால் கார்டைப் பாருங்கள். 'பவர் ஆன் ஆர் டிவைஸ் ரீசெட் அக்கர்ட்' என்று ஒரு டிஸ்க்குக்கு மட்டும் வருவது எனக்கு மிகவும் பிடித்த தடயம். காரணம் அடுத்த படியில்.

படி 4: ஸ்மார்ட் எண்களை எப்படி நம்புவது

ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை '-எக்ஸ்' சேர்த்து ஓட்டி முழு அறிக்கையையும் வாங்குங்கள். மேலே 'பாஸ்டு' என்று வருவதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சாகப்போகிற டிஸ்க்கும் பெரும்பாலும் 'பாஸ்டு' என்றுதான் சொல்லும். பார்க்க வேண்டிய வரிகள் சிலவே (முன்னால் இருப்பது அறிக்கையில் அந்த வரியின் எண்):

- 5: மாற்றிவைக்கப்பட்ட செக்டர்கள், அதாவது கெட்டதற்குப் பதில் டிஸ்க் உதிரி இடத்துக்கு நகர்த்தியவை. சின்ன எண்ணில் மாதக்கணக்காக அசையாமல் நின்றால் பதற்றப்பட வேண்டாம். வாரா வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான்.
- 197: படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள். அந்த இடத்தில் திரும்ப எழுதும்போது ஒன்று அது சரியாகி 197 குறையும், அல்லது மாற்றிவைக்கப்பட்டு 5 ஏறும்.
- 187, 198: திருத்த முடியாத படிப்புப் பிழைகள்.
- 199: யுடிஎம்ஏ சிஆர்சி பிழைகள். இது டிஸ்க்கின் உடம்பைப் பற்றியதே அல்ல, வழியைப் பற்றியது. கேபிளை மாற்றினாலும் இந்த எண் குறையாது. இன்றைய எண்ணைத் தேதியோடு குறித்துவைத்துவிட்டு, இனி ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.
- 12: எத்தனை முறை பவர் வந்து போயிருக்கிறது. இதையும் குறித்துவையுங்கள்.

இந்த 12-தான் முன்னே சொன்ன தடயத்துக்கு ஜோடி. சர்வர் மாதக்கணக்கில் அணைக்கப்படவே இல்லை, ஆனால் ஒரு டிஸ்க்கின் 12-ஆம் எண் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக ஏறியிருக்கிறது என்றால், அந்த டிஸ்க்குக்கு நடுவில் மின்சாரம் அறுந்து திரும்ப வந்திருக்கிறது. கேபிளையும் கார்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதே இல்லை. நேராக பவர் கனெக்டருக்குப் போகலாம்.

சீகேட் டிஸ்க்குகளில் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் நிற்கும். பயந்துவிடாதீர்கள். அந்த 48 பிட் எண்ணின் மேல் பகுதியில்தான் பிழைகள், கீழ்ப் பகுதி வெறும் செயல்களின் எண்ணிக்கை. சாஸ் டிஸ்க்குகளில் (சர்வர்களுக்கான வகை) இந்த அட்டவணையே வராது. அங்கே 'க்ரோன் டிஃபெக்ட் லிஸ்ட்' எண்ணையும் திருத்த முடியாத பிழைகளின் பத்தியையும் பாருங்கள். என்விஎம்இ-யில் (பிசிஐஇ வழியே இணையும் எஸ்எஸ்டி) 'மீடியா எரர்ஸ்', 'அவெய்லபிள் ஸ்பேர்', 'கிரிட்டிகல் வார்னிங்' ஆகிய மூன்று போதும்.

ஸ்மார்ட் எண்கள் எல்லாம் சுத்தமாக இருந்தாலும் டிஸ்க் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல் வலுவான ஸ்மார்ட் அறிகுறிகள் எதையுமே காட்டவில்லை. ஆன்லைன் பேக்கப் நிறுவனமான பேக்பிளேஸ் 2016-இல் சொன்ன கணக்கில், 5, 187, 188 (கட்டளை டைம்அவுட்), 197, 198 ஆகிய ஐந்தில் ஒன்றாவது பூஜ்யத்துக்கு மேல் இருந்தவை செத்த டிஸ்க்குகளில் 76.7 சதவீதம். மீதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் போனவர்கள்.

அதனால்தான் லாங் டெஸ்ட் அவசியம். ஸ்மார்ட்சிடிஎல்லில் '-டி லாங்' கொடுத்தால், டிஸ்க் தன் முழுப் பரப்பையும் தானே படித்துப் பார்க்கும். இதில் ஒரு நல்ல விஷயம், படித்த தகவல் கேபிள் வழியாக வெளியே வருவதே இல்லை. ஆகவே டெஸ்ட் ஒரு எல்பிஏ எண்ணைக் (செக்டரின் முகவரி) காட்டித் தோற்றால் டிஸ்க்தான் குற்றவாளி, மேலே விசாரணை வேண்டாம். டெஸ்ட் சுத்தமாக முடிந்தும் சாதாரணப் பயன்பாட்டில் பிழைகள் வந்துகொண்டே இருந்தால், டிஸ்க்குக்கு வெளியே தேடுங்கள். நேரம் ஆகும். 18 டிபி டிஸ்க் சராசரியாக நொடிக்கு 200 எம்பி படித்தால் 25 மணி நேரம். யுஎஸ்பி பெட்டிகள் இடையில் டிஸ்க்கைத் தூங்கவைத்து டெஸ்ட்டை முறித்துவிடும், கவனம்.

படி 5: தடயங்களைச் சேர்த்துப் பார்ப்பது

படி 2-இல் எழுதிய தாளை எடுங்கள். பிழை வந்த டிஸ்க்குகளை வட்டமிடுங்கள். அவற்றுக்குப் பொதுவானது எது?

ஒரே ஒரு டிஸ்க் என்றால் அதை வேறு பே-க்கு மாற்றுங்கள். பிழை டிஸ்க்கோடு போனால் டிஸ்க். பழைய இடத்திலேயே நின்று, அங்கே வந்த புது டிஸ்க்கைப் பிடித்தால் கேபிள், பேக்ப்ளேன், அல்லது போர்ட். நான்கு நான்காகப் போனால் மினி-சாஸ் கேபிள் ஒன்று நான்கு டிஸ்க்குகளுக்குப் பிரிகிறது என்பது நினைவுக்கு வர வேண்டும். ஒரு கார்டில் இருப்பவை எல்லாம் போனால் கார்டு. இரண்டு வெவ்வேறு கன்ட்ரோலர்களில் இருக்கும் டிஸ்க்குகள் சேர்ந்து போகின்றன, அவை ஒரே பவர் வயரில் தொங்குகின்றன என்றால் மேலே பேச ஒன்றுமில்லை.

இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்துபவர்களுக்கு 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' கூடுதல் துப்பு தரும். ரீட், ரைட் பத்திகள் பூஜ்யமாக இருக்க, செக்சம் பத்தி (படித்தது எழுதியதோடு பொருந்தவில்லை என்ற கணக்கு) மட்டும் எல்லா டிஸ்க்கிலும் ஏறினால், அத்தனை டிஸ்க்கும் ஒரே நாளில் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ரேமையும் கன்ட்ரோலரையும் சந்தேகப்படுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐ ஒரு இரவு முழுக்க ஓடவிடுவதற்குச் செலவு எதுவும் இல்லை. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் 'டிவைஸ் ஸ்டாட்ஸ்' கட்டளை இதே மாதிரியான கணக்கைக் கொடுக்கும்.

மாற்றுகிறபோது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் ஒரே மூச்சில் மாற்றிப் பிழை நின்றுவிட்டால், எது நோய் என்று கடைசிவரை தெரியாது. கெட்ட கேபிள் உதிரிப் பெட்டிக்குள் போய், அடுத்த வருடம் வேறொரு டிஸ்க்கில் வந்து உட்காரும்.

படி 6: கேபிளும் பவரும்

சர்வரை அணைத்து, சுவர் ப்ளக்கையும் எடுத்துவிட்டுத் திறங்கள். சாட்டா கேபிளின் எல் வடிவ முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். தங்க நிறத் தொடுமுனை ஏழும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று உள்ளே அமுங்கியோ நிறம் மங்கியோ இருந்தால் அந்தக் கேபிளை வெட்டி எறியுங்கள். வெட்டாமல் எறிந்தால் யாராவது எடுத்துவைப்பார்கள். பூட்டு நாக்கு இல்லாத கேபிள்கள் டிஸ்க்கின் அதிர்விலேயே மெல்ல நழுவும். பக்கவாட்டு மூடியை மூடும்போது அது கனெக்டரைத் தள்ளுகிறதா என்றும் பாருங்கள். மூடியைத் திறந்தால் சரியாகிற, மூடினால் திரும்ப வருகிற கோளாறுக்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

சாட்டா கேபிள் முனைகள் ஐம்பது முறை செருகி எடுப்பதற்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. நீளம் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. மினி-சாஸிலிருந்து நான்கு சாட்டாவாகப் பிரியும் கேபிளில் 'ஃபார்வர்ட்', 'ரிவர்ஸ்' என்று இரண்டு வகை உண்டு. பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். ஹெச்பிஏ-யிலிருந்து டிஸ்க்குக்குப் போக வேண்டியது ஃபார்வர்ட். ரிவர்ஸை மாட்டினால் டிஸ்க் எதுவும் தெரியவே தெரியாது.

பவருக்கு வருவோம். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். எட்டு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் 16 ஆம்பியர், அதாவது 192 வாட். பிஎஸ்யு-வின் (பவர் சப்ளை) மொத்த வாட் போதுமானதாக இருந்தும், ஒரே வயரில் ஸ்ப்ளிட்டர் மேல் ஸ்ப்ளிட்டர் போட்டிருந்தால் கடைசி டிஸ்க்குக்கு வோல்டேஜ் தள்ளாடும். இதன் அறிகுறி, பூட் ஆகும்போது மட்டும் ஒன்றிரண்டு டிஸ்க் காணாமல் போவது. டிஸ்க்குகளைப் பிரித்து, பிஎஸ்யு-விலிருந்து வரும் தனித்தனி வயர்களில் மாட்டுங்கள். ஹெச்பிஏ-யில் ஸ்டேகர்ட் ஸ்பின்-அப் (டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும்) வசதி இருந்தால் போடுங்கள்.

மோலெக்ஸிலிருந்து (பழைய நான்கு பின் பவர் முனை) சாட்டாவுக்கு மாற்றும் முனைகளில், வயர்களைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை வார்த்து ஊற்றிய வகை வேண்டவே வேண்டாம். உள்ளே வயர்கள் நெருங்கித் தொட்டு உருகித் தீப்பிடித்த சம்பவங்களால் பெயர் கெட்டது அது. பின்னால் வயர் ஒவ்வொன்றும் தனியாக நுழைவது கண்ணுக்குத் தெரியும் கிரிம்ப் வகையை வாங்குங்கள்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. மாடுலர் (கேபிள்களைக் கழற்றக்கூடிய) பிஎஸ்யு-வின் கேபிளை வேறு மாடல் பிஎஸ்யு-வில் மாட்டாதீர்கள். பிஎஸ்யு பக்கத்து முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. அச்சாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், அந்த வயரில் இருக்கும் அத்தனை டிஸ்க்கும் ஒரே நொடியில் போய்விடும்.

வெளிப்புற யுஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் சுழலவே இல்லையா? சாட்டா 3.3 தரத்தில் மூன்றாவது பவர் பின்னுக்கு 'பவர் டிஸேபிள்' என்ற வேலை வந்துவிட்டது. பழைய பிஎஸ்யு அந்தப் பின்னில் 3.3 வோல்ட் கொடுத்தால், அணைந்திரு என்ற உத்தரவாக டிஸ்க் அதை எடுத்துக்கொள்ளும். அந்தப் பின்னைக் கேப்டான் டேப்பால் (வெப்பம் தாங்கும் மின்காப்பு டேப்) மூடினால் போதும்.

படி 7: கன்ட்ரோலர்

எல்எஸ்பிசிஐ கட்டளை உங்கள் கார்டில் இருப்பது எந்தச் சிப் என்று சொல்லும். பெட்டியில் அச்சடித்த பெயரைவிட அதுதான் முக்கியம்.

மதர்போர்டு போர்ட்டில் டிஸ்க் திடீரென்று தெரியவில்லை, சமீபத்தில் எம்.2 எஸ்எஸ்டி ஒன்று போட்டீர்கள் என்றால், மதர்போர்டின் கையேட்டைத் திறங்கள். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்ளும், ஒன்று வேலை செய்தால் மற்றது அணைந்துவிடும். பயோஸ் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் பழைய நிலைக்குப் போய், ஏஹெச்சிஐ (சாட்டாவின் சாதாரண முறை) என்று இருந்தது ரெய்ட் என்று மாறியிருப்பதும் உண்டு.

மலிவான, நிறைய போர்ட் உள்ள சாட்டா கார்டுகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பத்து, இருபது போர்ட் என்று விற்பவற்றில் இருப்பது பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து போர்ட் சிப் ஒன்றும், அதற்குப் பின்னால் போர்ட் மல்டிப்ளையர்களும்தான். ஒரே வாசலில் ஐந்து குடித்தனம் நடத்துகிற மாதிரி. ஒரு டிஸ்க் தொங்கினால் வாசலே அடைபட்டு, நல்ல டிஸ்க்குகளும் சேர்ந்து ரீசெட் ஆகும். ரெய்ட் ரீபில்ட் நடக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நான்கைந்து போர்ட் போதும் என்றால் ஜேஎம்பி585, ஏஎஸ்எம்1166 போன்ற, மல்டிப்ளையர் இல்லாத சிப் உள்ள கார்டு பரவாயில்லை. மார்வெல் 88எஸ்இ92 வரிசைச் சிப்கள் ஐஓஎம்எம்யு (மெய்நிகர் இயந்திரத்துக்கு வன்பொருளை நேரடியாகக் கொடுக்க உதவும் வசதி) இயங்கும்போது டிஸ்க்கைக் கைவிடுவது பழைய தொல்லை. மெய்நிகர் இயந்திரங்கள் ஓட்டும் சர்வரில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

அதற்கு மேல் போர்ட் வேண்டுமென்றால் எல்எஸ்ஐ ஹெச்பிஏ-தான் என் தேர்வு. 9211-8ஐ, 9207-8ஐ, 9300-8ஐ ஆகியவை வீட்டுச் சர்வர்களில் அதிகம் காண்பவை. இவற்றில் ஐடி மோட் ஃபர்ம்வேர் (டிஸ்க்கை அப்படியே நேராகக் காட்டும் உள்மென்பொருள்) இருக்க வேண்டும். ஐஆர் மோட் (கார்டே ரெய்ட் செய்யும் வகை) அல்லது முழு ரெய்ட் கார்டு என்றால் டிஸ்க்குக்கும் உங்களுக்கும் நடுவே இன்னொரு மூளை உட்கார்ந்துகொள்ளும். ஸ்மார்ட் எண்கள் மறையலாம். ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெய்ட் 0 ஆக்கி ஏமாற்றுவது அதற்கு ஈடாகாது.

இந்தக் கார்டுகளின் பெரிய எதிரி வெப்பம். சர்வர் அடுக்குகளில் பலமான காற்றோட்டத்துக்கு நடுவே இருக்க வேண்டியவை என்பதால் அவற்றில் விசிறி கிடையாது. அமைதியான வீட்டுப் பெட்டியில் மாட்டினால் ஹீட்சிங்க் கொதிக்கும். நாள் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு, ஸ்க்ரப் அல்லது பேரிட்டி செக் (எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்ப்பது) தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எல்லா டிஸ்க்கும் ஒன்றாகப் போகிறதா? ஒரு மேசை விசிறியைக் கார்டை நோக்கி வைத்து ஸ்க்ரப்பைத் திரும்ப ஓட்டுங்கள். தாங்கிவிட்டால் 40 மிமீ விசிறி ஒன்றை ஹீட்சிங்க்கில் நிரந்தரமாகப் பொருத்துங்கள். பழைய கார்டு என்றால் ஹீட்சிங்க்கைக் கழற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றுங்கள்.

ஃபர்ம்வேரில், சாஸ்2 தலைமுறைக் கார்டுகளுக்கு (9211, 9207 போன்றவை) 20.00.07.00 என்பதுதான் நிலையானது. பி20 வரிசையின் தொடக்கப் பதிப்பான 20.00.00.00 பிழைகளுக்குப் பெயர்போனது, அது இருந்தால் மேம்படுத்துங்கள். ஃப்ளாஷ் செய்வதற்கு (புது ஃபர்ம்வேரை ஏற்றுவதற்கு) முன் கார்டின் பின்னால் ஒட்டியிருக்கும் சாஸ் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் அழிந்தால் அதைக் கையால் கொடுக்க வேண்டிவரும்.

பிசிஐஇ இணைப்பையும் பாருங்கள். எல்எஸ்பிசிஐ-யை இரட்டை வி-யோடு ஓட்டினால் 'லிங்க் ஸ்டேட்டஸ்' வரியில் வேகமும் அகலமும் தெரியும். எக்ஸ்8 (எட்டுப் பாதை) கார்டு எக்ஸ்4-இல் ஓடினால் வேகம் மட்டும் குறையும், அது கோளாறு அல்ல. ஆனால் எக்ஸ்8 ஸ்லாட்டிலேயே எக்ஸ்1 என்று காட்டினாலும், லாக்கில் ஏஇஆர் (பிசிஐஇ இணைப்பு) பிழைகள் வரிசைகட்டினாலும், கார்டைக் கழற்றி முனையைத் துடைத்துத் திரும்ப அழுத்திப் பொருத்துங்கள். அது போதாவிட்டால் வேறு ஸ்லாட். அதுவும் போதாவிட்டால் பூட் அமைப்பில் ஏஎஸ்பிஎம் மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். சர்வர் நிறுவனங்களின் பெயரில் வந்த எல்எஸ்ஐ கார்டு சில சாதாரண மதர்போர்டுகளை பூட் ஆகவே விடாது. கார்டின் பி5, பி6 பின்களை டேப்பால் மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ட்ரூநாஸை மெய்நிகர் இயந்திரமாக ஓட்டுபவர்கள் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கொடுக்காமல் ஹெச்பிஏ கார்டையே முழுதாகக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிழைச் செய்திகள் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாகச் சிதறி, மேலே சொன்ன துப்பறிதல் எதுவும் நடக்காது.

படி 8: எதுவும் கெடாமலே வரும் கோளாறுகள்

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க், படிக்க முடியாத செக்டர் ஒன்று வந்தால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், சில மாடல்களில் இரண்டு நிமிடத்துக்கும் மேல். லினக்ஸோ 30 நொடியில் பொறுமை இழந்து லிங்க்கை ரீசெட் செய்யும். ஒரு செக்டர் போனதற்கு முழு டிஸ்க்கையே ரெய்டிலிருந்து தூக்கி வெளியே போடுவது இப்படித்தான். நாஸுக்கென்று (வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி) வரும் டிஸ்க்குகள் வழக்கமாக 7 நொடியில் கைவிட்டுவிடும். ஸ்மார்ட்சிடிஎல்லில் 'எஸ்சிடிஇஆர்சி' (பிழை மீட்பு நேர வரம்பு) அமைப்பைக் கேட்டுப் பாருங்கள். ஆதரவு இருந்தால் 70 என்று வையுங்கள். அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. பல டிஸ்க்குகளில் இது பவர் போனதும் மறந்துவிடும் என்பதால் பூட்டில் ஓடும் ஸ்கிரிப்டில் போடுங்கள். ஆதரவு இல்லாவிட்டால் கெர்னல் பக்கத்து டைம்அவுட்டை 180 நொடிக்கு உயர்த்துங்கள்.

இன்னொன்று எஸ்எம்ஆர் டிஸ்க். தடங்களை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக எழுதுவதால், நீண்ட நேரம் எழுதும்போது வேகம் தரைமட்டமாகும். ரெய்ட் ரீபில்டில் இது டைம்அவுட்டாக மாறி, நல்ல டிஸ்க் கெட்டதாகத் தெரியும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சர்ச்சையானது. மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடிப் பாருங்கள். எஸ்எம்ஆர் என்றால் ரெய்டிலிருந்து விலக்கிப் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா இருக்கும்போது மட்டும் பிழை வந்தால் லிங்க்கின் மின்சேமிப்பைச் சந்தேகப்படுங்கள். அந்தக் கொள்கையை 'மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றுங்கள். என்விஎம்இ திடீரென்று மறைந்தால் அதே மருந்து வேறு பெயரில்: ஏபிஎஸ்டி-யை அணைப்பது. யுஎஸ்பி பெட்டிகள் யுஏஎஸ் (வேகமான யுஎஸ்பி சேமிப்பு) முறையில் அறுந்துகொண்டே இருந்தால், அந்தப் பெட்டிக்கு மட்டும் யுஏஎஸ்-ஐ விலக்கலாம். ஆனால் யுஎஸ்பி பெட்டியில் ரெய்ட் கட்டுவதை என்னால் யாருக்கும் பரிந்துரைக்க முடியவில்லை.

படி 9: டிஸ்க்தான் என்று உறுதியானால்

ரெய்டில் மற்ற டிஸ்க்குகள் நலமாக இருந்தால் வேலை எளிது. காலி போர்ட் இருந்தால் பழையதைக் கழற்றாமலே புதியதை மாட்டி, 'இசட்பூல் ரீப்ளேஸ்' அல்லது எம்டிஏடிஎம்மின் (லினக்ஸின் மென்பொருள் ரெய்ட் கருவி) 'ரீப்ளேஸ்' வழியாக மாற்றுங்கள். ரீபில்ட் நடக்கும்போது இன்னொரு டிஸ்க்கில் ஒரு செக்டர் படிக்க முடியாமல் போனால், பாதி உயிரோடு இருக்கும் பழைய டிஸ்க் கைகொடுக்கும். கழற்றும்போது சீரியலை இரண்டு முறை படியுங்கள். நல்ல டிஸ்க்கைப் பிடுங்கி ரெய்டை முழுதாகச் சாய்ப்பது எளிதில் நடக்கிற விபத்து.

எம்டி ரெய்ட் (எம்டிஏடிஎம் கட்டியது) பூட்டில் ஏறவில்லை என்றால் 'எக்ஸாமின்' கட்டளையால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் 'ஈவென்ட்ஸ்' (மாற்றங்களின் எண்ணிக்கை) எண்ணைப் பாருங்கள். கேபிளோ பவரோ போய் விழுந்த டிஸ்க்குகளின் எண்கள் மிக நெருக்கமாக இருக்கும். அப்போது 'அசெம்பிள்' கட்டளையை 'ஃபோர்ஸ்' சேர்த்து ஓட்டினால் பெரும்பாலும் எழுந்து நிற்கும். 'கிரியேட்' பக்கம் மட்டும் போகவே கூடாது. வரிசையோ ஆஃப்செட்டோ மாறினால், இருந்ததன் மேல் புது அமைப்பு உட்கார்ந்துவிடும்.

ரெய்டும் இல்லை, பேக்கப்பும் இல்லை, டிஸ்க் திணறுகிறது என்றால், கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கருவிதான். கெட்ட டிஸ்க்கைவிடப் பெரிய காலி டிஸ்க் ஒன்றுக்கு, மேப் கோப்போடு (எது வந்தது, எது வரவில்லை என்ற குறிப்பு), முதல் சுற்றில் '-என்' கொடுத்து எளிதாக வருவதை எல்லாம் அள்ளுங்கள். கடினமான பகுதிகளை அடுத்த சுற்றில் '-ஆர்3' கொடுத்துத் துருவுங்கள். மேப் கோப்பு இருப்பதால் நடுவில் நிறுத்திவிட்டுத் தொடரலாம். எஃப்எஸ்செக், கோப்பு மீட்பு எல்லாம் நகலின் மேல் மட்டுமே. டக் டக் சத்தம் போடும் டிஸ்க்கில் இதையும் ஓட்ட வேண்டாம். உள்ளிருப்பது விலைமதிப்பற்றது என்றால் அணைத்துவைத்து, தூசியில்லா அறை உள்ள மீட்பு நிறுவனத்திடம் கொடுங்கள்.

படி 10: சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்

பிழை வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். எண்ணிக்கைகளைச் சுத்தம் செய்து, இசட்எஃப்எஸ் என்றால் 'கிளியர்' கொடுத்து, உடனே ஒரு முழு ஸ்க்ரப் ஓட்டுங்கள். எல்லா டிஸ்க்கும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடுவதால் கேபிள், பவர், வெப்பம் மூன்றுக்கும் அது ஒரு பரீட்சை. முடிந்ததும் 199-ஐயும் 12-ஐயும் முன்பு எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

புது டிஸ்க்கை ரெய்டில் சேர்ப்பதற்கு முன் ஒரு லாங் டெஸ்ட், பேட்பிளாக்ஸ் கருவியின் எழுதும் சோதனை, மறுபடி ஒரு லாங் டெஸ்ட். எழுதும் சோதனை டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் என்பதால், காலி டிஸ்க்கில் மட்டும், சீரியலைச் சரிபார்த்துவிட்டு. 16 டிபிக்கு மேல் என்றால் பிளாக் அளவை 8192 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் எண் கொள்ளாமல் நின்றுவிடும். ஸ்மார்ட் எண்களைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி சேவையை அமைத்து, வாரம் ஒரு ஷார்ட், மாதம் ஒரு லாங் என்று வைத்து, எச்சரிக்கை மின்னஞ்சல் உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று சோதனை அஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.

கழற்றிய டிஸ்க்கை என்ன செய்வது? 199 மட்டும் ஏறியிருந்து லாங் டெஸ்ட் சுத்தமாக முடிந்தது என்றால், அது நல்ல டிஸ்க்தான். எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டி, உதிரியாக வையுங்கள். 197 ஒன்றிரண்டு இருந்து, முழுதும் எழுதிய பிறகு பூஜ்யமாகி, 5 ஏறாமல் இருந்தால் முக்கியமில்லாத வேலைக்குக் கொடுக்கலாம். 5 ஏறிக்கொண்டே இருப்பதை வாரன்டி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். அதற்கு முன் டிஸ்க்கை அழித்துவிடுங்கள். அழிக்கவும் வராத அளவுக்குக் கெட்டிருந்து, உள்ளே என்கிரிப்ட் செய்யாத சொந்த ஆவணங்கள் இருந்தால் வாரன்டியை மறந்துவிட்டுத் தட்டில் துளை போடுவதே மேல்.